கைச்சாடை

நேற்றுக் கட்டிய கட்டு தளர்ந்திருந்தது. வேட்டிக் கரையிலிருந்து புதிதாக ஒரு கீற்றைக் கிழித்து, கணவரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கேதீஸ்வரி மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் பாஸ்டர் பேசுவது கேட்டது.

"கைய உயர்த்தினவர். நான் என்ட கண்ணால கண்டன். எங்கட சபைச் சனம் ஆறுபேரும் கண்டது. 'இயேசுவ ஏத்துக்கொள்றீங்களெண்டா கைய உயர்த்துங்க அண்ணன்' எண்டு கேட்டன். உயர்த்தினவர்."

"கேட்டயளா கதைய!" இது ஆச்சிப்பிள்ளையின் குரல். செத்தவரின் மூத்த அக்கா. "நாப்பது வருசமா கொக்கட்டிச்சோலைத் தேர்வடம் பிடிச்சவன், கடைசி நாலு நிமிசத்துல வேதக்காரனாப் போனானாம். மீன்பிடிச் சங்கத்துல தலைவர் தெரிவு நடந்தாக்கூட கை தூக்காதவன் என்ட தம்பி. தூக்கினா எவனோ ஒருத்தன் கோவிப்பான் எண்டு கம்மெண்டு இருப்பான். அவன் இவருக்குத் தூக்கினானாம்!"

யாரோ சிரித்து, செத்தவீடு என்ற நினைவு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

கேதீஸ்வரி இரண்டாம் முடிச்சைப் போட்டாள். அழகரத்தினத்தின் குதிகால்கள் தோணிப் பலகை போல வெடித்திருந்தன. எத்தனை வருஷம் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்த கால்கள். வைத்தியசாலையில் இருந்த ஒன்றரை மாதத்தில் மற்றதெல்லாம் வற்றிப்போயிற்று. குதிகால் மட்டும் அப்படியே இருந்தது.

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு உயிர் போயிருந்தது. இன்றைக்கு மூன்று மணிக்கு அடக்கம். எங்கே என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. விடிந்ததும் ஆச்சிப்பிள்ளையின் மகன் கோகுலராஜ் நாலு பேரோடு போய், ஊர் மயானத்து மேட்டில் குழி வெட்டிவிட்டு வந்தான். அதே நேரத்தில் சபைப் பொடியன்கள் பாலத்தால் அக்கரைக்குப் போய், சபைக் காணியில் இன்னொரு குழி வெட்டியிருந்தார்கள். ஒரு மனிதருக்கு இரண்டு குழி. மார்கழி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இந்நேரம் இரண்டிலும் தண்ணீர் ஊறியிருக்கும்.

முற்றத்துக் கூடாரத்தின் ஒரு பக்கத்தில் சபையார் பாட்டுப் புத்தகங்களை நனையாமல் மடியில் பொத்தி வைத்திருந்தார்கள். மறுபக்கம், முருங்கை மரத்தடியில், பறை அடிக்க வந்த இருவர் மேளத்தை முழங்காலில் சாய்த்துக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். பாட்டும் தொடங்கவில்லை, பறையும் தொடங்கவில்லை.

"நமக்குள்ள என்னத்துக்குச் சண்டை?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "அவ சொல்லட்டும். அவட புருசன். அவ தலைமாட்டுலதானே நிண்டவ. அவ ஓமெண்டா நான் வாயப் பொத்திட்டு வீட்ட போறன்."

"நல்லது. அக்காவே சொல்லட்டும்" என்றார் பாஸ்டர்.

இரண்டு பேரின் குரலிலும் ஒரே உறுதி.

தலைமாட்டில் இல்லை, கால்மாட்டில் என்று கேதீஸ்வரி மனதுக்குள் திருத்திக்கொண்டாள். அவள் கால்மாட்டில்தான் நின்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் அவர்கள் ஒரே தோணியில் தொழில் செய்தவர்கள். அவர் முன்னால் வீச்சுவலையோடு நிற்பார், அவள் பின்னால் நின்று கம்பு ஊன்றுவாள். மீன் மேயும் இடத்தில் வாய் திறக்கக் கூடாது. பலகையில் கால் தட்டுப்பட்டாலே மணலை மீன் கலைந்துவிடும். அதனால் கதையெல்லாம் கையால்தான். விரல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு விரல் மடங்கினால் மெதுவாக. வலது கை தோள்மட்டத்துக்கு எழுந்து, உள்ளங்கை தண்ணீரைப் பார்த்து விரிந்தால், கம்பை ஊன்று, தோணியை அசையவிடாதே, நான் எறியப் போகிறேன் என்று அர்த்தம். அந்தக் கையைக் கண்டால் அவள் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பிடித்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

நேற்று வைத்தியசாலையில் பாஸ்டர் காதருகே குனிந்து கேட்டு முடித்தபோது அழகரத்தினத்தின் வலது கை படுக்கையை விட்டு எழும்பியது. தோள்மட்டத்தில் நின்றது. உள்ளங்கை கீழே பார்த்து விரிந்திருந்தது. தோணியில் ஒருநாளும் திரும்பிப் பாராத மனிதர் அவளைப் பார்த்தார். அவள் யோசிக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துவிட்டன. கால் இரண்டும் அகன்று ஊன்றிக்கொண்டன. கட்டில் அசையவில்லை. அவர் இரண்டு தரம் மூச்சு விட்டார். மூன்றாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகுதான் பாஸ்டர் "அல்லேலூயா" என்றார். ஆறுபேரும் அழுதுகொண்டே "அல்லேலூயா" என்றார்கள். அவளுடைய வாயும் அசைந்தது. அந்த நேரத்தில் அவளும் நம்ப ஆசைப்பட்டாள். ஒன்பது வருஷமாக முழங்காலில் நின்று கேட்டது அதுதானே. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அந்தச் சந்தோஷத்தை வாயில் போட்ட கற்கண்டு போல ஒரு பக்கத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாள். கடிக்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காத்தான்குடி மீன் வியாபாரி முனாஸ், ஒரு வாளி நிறையத் தேநீரோடு வந்திருந்தான். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டில் ஊற்றச் சொல்லி, தானே தூக்கி வந்தானாம்.

"அக்கா, ஒரு வாய் குடிங்க. ராவுல இருந்து ஒண்டும் தின்னல்லெண்டு சென்னாங்க." ஒரு கோப்பையை அவள் அருகே வைத்துவிட்டு அழகரத்தினத்தைப் பார்த்து நின்றான். "பதினாறு வருசம் இவர்ட்ட இறால் எடுத்திருக்கன். பதினாறு வருசத்துலயும் பதினாறு வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ."

முற்றத்துக்குப் போய் அவன் அதையே தொடர்ந்தான். "எல்லாம் கையாலதான். லொறிய ஆத்தங்கரைக்கு ரிவர்ஸ் அடிக்கக்குள்ள இப்பிடிக் காட்டுவார் பாருங்க." அவனுடைய கை தோள்மட்டத்தில் எழும்பி, உள்ளங்கை மண்ணைப் பார்த்து விரிந்தது. "காட்டினாரெண்டா நான் ஒரு அங்குலம் அசைய மாட்டன். ஒருக்கா மறந்து அசைஞ்சிட்டன். லொறி ஆத்துக்க, இறால் மறுபடி அது பிறந்த ஊட்டுக்க!"

இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து சிரித்தார்கள். முனாஸின் கை இன்னும் அந்தரத்தில் நின்றது. பாஸ்டரும் அதைப் பார்த்துச் சிரித்தார், ஆச்சிப்பிள்ளையும் பார்த்தாள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்த கேதீஸ்வரி கோப்பையைத் தொடவில்லை.

சுவரில் அவர்களுடைய மகன் நிதுர்ஷனின் படம் தொங்கியது. வந்தாறுமூலை கம்பஸில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது எடுத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு டிப்பரில் மோதினான். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். உடனே உயிர் போயிற்று, வேதனை தெரிந்திருக்காது. டொக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். பொலிஸ் சொன்னதாகச் சொன்னார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள். மூன்று மாதம் கழித்து அவனோடு படித்த ஒரு பொடியன் வந்து, அவள் காலடியில் இருந்து அழுதான். இரண்டு மணித்தியாலம் நினைவோடு இருந்தானாம். அம்மா, அம்மா என்று கேட்டானாம்.

அதன் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. செத்ததை விட, தெரியாமல் சோறு தின்ற அந்த மூன்று மாதம்தான் அவளை அறுத்தது.

அக்கரையில் நண்டு விற்கப் போனபோது அந்தச் சிறிய ஜெபவீடு கண்ணில் பட்டது. தகரக் கூரை, பாட்டும் சரியாகச் சேரவில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்து ஒரு பெண் தன் பாயில் பாதியை இழுத்துவிட்டாள். ஊர் பேர் கேட்கவில்லை. அன்றைக்கு யாரோ வாசித்தார்கள். செத்துப்போன சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் நின்று இயேசு அழுத இடம். அவனை எழுப்பத்தான் வந்திருக்கிறார், எழுப்பவும் போகிறார். ஆனாலும் 'ஒன்றுமில்லை, அழாதே' என்று அவனுடைய சகோதரிகளிடம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகவில்லை. நின்று அழுதார். அந்த இடத்தில்தான் கேதீஸ்வரிக்கு நாலு மாதத்தின் பின் அழுகை வந்தது.

கூட்டம் முடிந்து பாஸ்டரிடம் கேட்டாள். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதிருக்கும், மீசை சரியாக அடர்த்தியாகவில்லை. "ஆண்டவர் ஏன் என்ட புள்ளைய எடுத்தவர்?" "எனக்குத் தெரியா அக்கா" என்றார் அவர். அவள் அடுத்த ஞாயிறும் போனாள்.

பாலம் வந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அழகரத்தினம்தான் அவளைத் தோணியில் கொண்டுபோவார். ஜெபவீட்டுக்குள் கால் வைத்ததில்லை. மூன்று மணித்தியாலமும் கண்டல் மர நிழலில் தோணியைக் கட்டிவிட்டு, கிழிந்த வலையைப் பொத்துவார். ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, "முங்கிறதெண்டா நம்மட கரையில முங்கு புள்ள, அங்க சேறு" என்றார். பொட்டு வைப்பதை அவள் விட்ட மூன்றாம் நாள், வெறும் நெற்றியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு ஒரு தொப்பியெண்டாலும் போடு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையில் பிள்ளையாருக்கு விளக்கு அவரே வைத்துக்கொண்டார். போத்தலில் எண்ணெய் முடிந்திருந்தால் அவள் வாங்கி வைப்பாள்.

ஆரம்பத்தில் அவளுடைய ஜெபம் எல்லாம் கேள்வியாகவே இருந்தது. பிறகு கேள்வி குறைந்தது. பதில் கிடைத்து அல்ல. தண்ணீர் நடுவில் கம்பை ஊன்றி நிற்கும்போது எதையும் கேட்பதில்லையே, நிற்பதுதானே வேலை. அப்படி ஆயிற்று.

மணி ஒன்றரை. அவள் எழுந்து அறைக் கதவருகே போய், "பாஸ்டர், ஒருக்கா உள்ள வாங்க" என்றாள்.

அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. இரவு முழுவதும் கூடாரத்தில் இருந்தவர்.

"அது தோணியில காட்டுற கை பாஸ்டர்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் தன் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே திருப்பிக் காட்டினாள். "தோணிய அசைக்காதே எண்டு. முனாஸ் தம்பி இப்பக் காட்டினதும் இதத்தான். அவர் என்னப் பாத்துத்தான் காட்டினவர்."

வெளியே யாரோ கோப்பைகளைக் கழுவினார்கள். பாஸ்டர் அழகரத்தினத்தின் கைகளைப் பார்த்தார். மார்பின் மேல் கட்டைவிரல்கள் கட்டப்பட்டு இருந்தன.

"ரெண்டாயும் இருக்கலாம்தானே அக்கா? நான் கேட்டது காதுல விழுந்தும் இருக்கலாம்."

"இருக்கலாம். எனக்குத் தெரியா. தெரியாததத் தெரியுமெண்டு சொல்லி அவர மண்ணுக்க அனுப்ப என்னால ஏலாது."

"நான் பொய் சொல்லல்ல அக்கா. கண்டதத்தான் சொன்னன்."

"ஓம். நீங்க பொய் சொல்லமாட்டயள். என்ட புள்ள செத்தக்குள்ள எல்லாரும் நல்லதுக்கெண்டு பொய்தான் சொன்னவங்க. நீங்க ஒராள்தான் தெரியாதெண்டு சொன்னயள். அதுக்காகத்தான் நான் உங்கட சபைக்கு வந்தன்."

பாஸ்டர் கட்டிலோரத்துக் கதிரையில் இருந்தார்.

"அவர் ஏத்துக்கொள்ளாமலே போயிருந்தா, உங்களுக்குப் பயமில்லையா அக்கா?" என்று கேட்டார். குரல் மிகவும் தணிந்திருந்தது. பாஸ்டராகக் கேட்டது போல் இல்லை.

"பயம்தான்." அவள் கணவரின் வேட்டி மடிப்பைச் சரிசெய்தாள். "ஒம்பது வருசம் ஞாயிறு தவறாம அந்தக் கண்டலுக்குக் கீழ இருந்தவர். நீங்க ஒருநாளும் வெளியில வந்து பாக்கல்ல. ஆண்டவர் பாத்திருப்பார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்தார். "நான் சனத்துக்குச் சொல்றன்."

"வேணாம். நானே சொல்றன்."

முற்றத்துக்கு வந்தபோது எல்லாப் பேச்சும் நின்றது. ஆச்சிப்பிள்ளை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள், சண்டைக்கு ஆயத்தமாக.

"மச்சாள், அவர் ஏத்துக்கொண்டு கை தூக்கினாரெண்டு நான் சொல்ல மாட்டன். அது தோணியில எனக்குக் காட்டுற கை. உங்கட முறைப்படி கொண்டுபோங்க."

சபையார் பக்கம் ஒரு பெண் மெல்ல விசும்பினாள். அன்றைக்குப் பாயில் பாதி தந்தவள். கேதீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வென்ற ஆச்சிப்பிள்ளை கிட்ட வந்தாள். பிறகு, "எப்பிடிக் காட்டினவன்?" என்று கேட்டாள்.

கேதீஸ்வரி காட்டினாள்.

ஆச்சிப்பிள்ளையின் உதடு கோணியது. "சின்னனிலயே இப்பிடித்தான். அப்பாவோட போகக்குள்ள நான்தான் பின்னால நிப்பன். எனக்கும் இதே கைதான் காட்டுவான்." அவள் கதிரையைத் தடவிப் பார்த்து அதில் இருந்தாள். செருகிய தலைப்பை உருவி முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான், நேற்றிலிருந்து முதல் தடவையாக, சத்தமிட்டு அழுதாள்.

பறை தொடங்கியது. வாய்க்கரிசித் தட்டு வந்தபோது கேதீஸ்வரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நீ போடவேணாம் கேதீசு," என்றாள் ஆச்சிப்பிள்ளை, மூக்கை உறிஞ்சியபடி. "சும்மா என்ட பக்கத்துல நில்லு."

நின்றாள். கண்ணை மூடித் தன்னுடைய ஜெபத்தைச் செய்தாள். இருவரின் தோளும் முட்டிக்கொண்டிருந்தன.

மயானத்துக்குப் போகும் கிறவல் றோட்டில் இடுப்பளவு வெள்ளம் நின்றது. மார்கழியில் செத்தால் ஊரில் எல்லோருக்கும் தோணிதான். அழகரத்தினத்தின் தோணியையே கரைக்கு இழுத்திருந்தார்கள். பெண்கள் வழக்கப்படி கரையோடு நின்றுகொண்டார்கள். கோகுலராஜ் கம்போடு பின்னால் ஏறினான். அவன் வயல் வேலைக்காரன், தோணி பழக்கமில்லை. வாடைக்காற்று அலையைத் தள்ளியது. நாலு பேர் பாடையைத் தூக்கி விளிம்புக்குக் கொண்டுவர, தோணி விலகியது. மறுபடி கொண்டுவர, ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் அள்ளியது.

"பிடிடா மனே!"

"பிடிக்கிறன்தானே! நிக்குதில்லையே!"

பாஸ்டர் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் சபைப் பொடியன்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். முனாஸ் சாரனை மடித்துக் கட்டினான். அப்படியும் தோணி நிற்கவில்லை. பாடை அந்தரத்தில் ஆடியது.

கேதீஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"பொம்புளையள் கரையோட நிக்கணும்" என்று ஒரு கிழவர் சொன்னார். "முறையில்லாத வேலை."

அவள் அதற்குள் தண்ணீரில் நடந்து, தோணியின் பின்பக்கம் ஏறிவிட்டாள். கோகுலராஜின் கையிலிருந்து கம்பை வாங்கினாள். கிழவர் மறுபடி வாய் திறந்தார்.

"சும்மா இருங்க!" கரையிலிருந்து ஆச்சிப்பிள்ளை கத்தினாள். "அவளே கொண்டுபோகட்டும். அவன் அவளத்தானே கேட்டவன்."

பறை நின்றிருந்தது. கேதீஸ்வரி காலை அகட்டி வைத்தாள். கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, சேறு தாண்டிக் கெட்டி மண் தட்டுப்படும்வரை இறக்கி, உடம்புப் பாரத்தை அதன்மேல் சாய்த்தாள். அலை வந்து பலகையில் மோதிப் போயிற்று. தோணி அசையவில்லை. நாலு பேரும் பாடையை விளிம்புக்கு மேலால் தூக்கி, முன்னால், அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் தலை வரும்படி வைத்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

"சரி மாமி" என்றான் கோகுலராஜ். "எடுங்க. போவம்."

எல்லோரும் ஏறி, இருந்து, ஆயத்தமாகியிருந்தார்கள். தூறல் வலுத்தது. அவள் முன்பக்கத்தைப் பார்த்தபடி, கம்பை எடுக்காமல் இன்னும் கொஞ்சநேரம் நின்றாள்.